கேட் முருகதாஸும் இரண்டு முன் ஷாக்குகளும்

மணவாளக்குறிச்சியில் முருகதாஸ் என்ற பெயரில் எனக்குத் தெரிந்தே நாலு பேர் உண்டு. ஐஸ் முருகதாஸ், பேங்க் முருகதாஸ், கடற்கரைச் சாலையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் சோடா முருகதாஸ். என்னோடு பள்ளியில் படித்தவன் கேட் முருகதாஸ். என் வீட்டுக்கு எதிரே இருக்கும் வெல்டிங் பட்டறை அவனுடையது. எங்கள் பகுதியில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் வாசல் கேட்டுக்கு அவனைத் தேடித்தான் வருவார்கள்.

அவன் செய்கிற கேட்டைத் தெருவில் வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். இடக் கதவில் ஒரு மயில் இருந்தால் வலக் கதவில் அதைப் பார்த்தபடி இன்னொரு மயில் இருக்கும். இரண்டின் தோகையிலும் ஒரு கம்பி கூடவோ குறையவோ செய்யாது. கேட்டை மாட்டி முடித்ததும் முருகதாஸ் சாலையின் மறுபுறம் போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். பின்னால் வருகிற பஸ் ஹார்ன் அடித்தாலும் நகர மாட்டான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறது என்று மனதுக்குப் பட்ட பிறகுதான் வீட்டுக்காரர் கொடுக்கும் காப்பியைக் குடிப்பான்.

இந்தப் பட்டறை வைப்பதற்கு முன் பல வருடங்கள் ஷார்ஜாவில் இருந்தான். பாலைவனத்தில் மணல்மேடு ஏறுகிற வண்டிகளுக்கு இரும்புக்குழாயில் கூடு கட்டும் ஒரு கராஜில் வேலை. அந்த வண்டிகளைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. ஆனால் அவனுக்கு வண்டி ஓட்ட வராது. ஒரு தடவை லீவில் வந்தபோது தக்கலையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தான். சொல்லிக்கொடுத்தவள் சுபிதா. லைசென்ஸ் டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்ன இடத்தில் இரண்டு முறை தோற்றான். மூன்றாவது முறை டெஸ்டுக்கே போகவில்லை. தன் அக்கா செல்லக்கனியை அனுப்பி சுபிதாவைப் பெண் கேட்டான்.

ஏன் சம்மதித்தாய் என்று நான் சுபிதாவிடம் கேட்டிருக்கிறேன். எனக்கும் கார் ஓட்டக் கற்றுத் தந்தவள் அவள்தான் என்பதால் அந்த உரிமை இருந்தது. பயிற்சிக் காரில் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அவள் அதை மிதித்தால் படிக்க வருகிற ஆண்கள் எல்லாரும் முறைப்பார்களாம். முருகதாஸ் மட்டும் ஒவ்வொரு தடவையும் தேங்க்ஸ் சொன்னானாம். அது போதும் என்று தோன்றியது என்றாள்.

கல்யாணம் ஆன பிறகும் சுபிதா அந்த வேலையை விடவில்லை. நாள் முழுக்க இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, ஒரு காலை எப்போதும் பிரேக்குக்கு மேல் தூக்கி வைத்தபடி, மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அதனால் அவளுக்கு இடுப்பு வலி நிரந்தரமாகிவிட்டது. ராத்திரி முருகதாஸ் சுக்குத்தைலம் தேய்த்துவிடுவான். இது எங்கள் தெருவுக்கே தெரியும். தைல வாசனை அப்படி.

தேங்காய்ப்பட்டணத்து லிபின் குவைத்திலிருந்து திரும்பி வந்து, கருங்கலுக்கு அந்தப் பக்கம் ஒரு நிலத்தை வாங்கினான். முன்பு செங்கல் சூளைக்கு மண் எடுத்த இடம். நடுவே பள்ளம், சுற்றிலும் மேடு, மேட்டுக்கு வெளியே மரச்சீனிக் கிழங்குத் தோட்டம். மீன்பிடிக்கிற குடும்பத்துப் பையனுக்கு அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் கார்ப் பந்தயம் தோன்றியிருக்கிறது. மேட்டை ஒட்டி வட்டமாக மண்தடம் போட்டு, ஓணத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடத்தினான். கேரளாவிலிருந்தெல்லாம் வண்டி வந்தது. நானும் சுபிதாவும் வேடிக்கை பார்க்கப் போனோம். செம்மண் தூசியில் வண்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு வளைவில் திரும்புவதை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். திரும்பி வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“அதில ஒருத்தனும் பிரேக்க மிதிக்க வேண்டிய எடத்தில மிதிக்கல.”

அன்றைக்கே அவள் முருகதாஸிடம் தனக்கு ஒரு வண்டி செய்து தரச் சொல்லிக் கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவனிடம் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அது என்பதால் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஓணம் வரை பட்டறையில் கேட் வேலை பாதி, வண்டி வேலை பாதி. இரும்புக்குழாயை வளைத்துக் கூடு கட்டினான். பழைய மாருதி ஒன்றிலிருந்து இன்ஜினை எடுத்துப் பின்பக்கம் வைத்தான். இரண்டு இருக்கை, தோளோடு இறுக்கிப் பிடிக்கும் பெல்ட். கூட்டின் ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு தடவை பற்றவைத்தான். கடைசியாக முன்பக்கத்து ஷாக்குகளை மாட்டினான். ஷாக் என்பது ஸ்பிரிங் சுற்றிய ஒரு குழல். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்த அடியை வாங்கிக்கொள்வது அதுதான். அதன் கீழ்முனை சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் இருக்கும், மேல்முனை வண்டியின் கூட்டில். அந்த இரண்டு முனைகளையும் எங்கே வைப்பது என்பது செய்கிறவன் கையில் இருக்கிறது. கீழ்முனை சக்கரத்தின் பக்கம் போகப்போக, குழல் நிமிர நிமிர, வண்டி விறைப்பாகும். கீழ்முனையை உள்ளே இழுத்து, குழலை நன்றாகச் சாய்த்து வைத்தால் தொட்டில் மாதிரி ஆடும்.

முருகதாஸ் நன்றாகச் சாய்த்து வைத்தான். ஷார்ஜாவில் அப்படித்தான் வைப்பார்கள் என்றான். பட்டறைக்குப் பின்னால் கடற்கரை வரை கிடக்கிற மணல் தோப்பில் சுபிதா வண்டியை ஓட்டிப் பார்த்தாள். தென்னை மரங்களுக்கு இடையே வண்டி மிதந்து போய் மிதந்து வந்தது. இறங்கியவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. வண்டியைப் பட்டறை வாசலுக்குக் கொண்டுவந்ததும் முருகதாஸ் சாலைக்கு மறுபுறம் போய் நின்று, ஒரு கண்ணை மூடி அதைப் பார்த்தான். இரண்டு ஷாக்குகளும் வணக்கம் சொல்லும் கைகள் மாதிரி ஒரே அளவில் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

ஓணப் பந்தயத்தில் அந்த வண்டி மூன்றாவது சுற்றைத் தாண்டவில்லை.

லிபினின் தடம் மணல் அல்ல. மழை பெய்து காய்ந்து இறுகிய களிமண். இறக்கத்தின் அடியில் ஒரு இடப்பக்க வளைவு வரும். சுபிதா சரியான இடத்தில்தான் பிரேக்கை மிதித்தாள். மிதித்ததும் வண்டியின் மூக்கு தரையை நோக்கி இறங்கியது. முன்பக்கத்தில் டக் என்று ஒரு சத்தம். அதற்கு மேல் இறங்க இடமில்லாமல் ஷாக்குகள் முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. அந்த நொடியில் ஸ்டியரிங் கையில் காற்றைப் பிடித்த மாதிரி லேசாகிப்போனது என்று அவள் பிறகு சொன்னாள். வண்டி வளையாமல் நேராகப் போய், வரப்பில் ஏறி, மரச்சீனித் தோட்டத்துக்குள் பக்கவாட்டில் கவிழ்ந்தது.

லிபின் சிவப்புக் கொடியோடு ஓடினான். நானும் ஓடினேன். சுபிதா பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தாள். கூட்டில் ஒரு குழாய்கூட நெளியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, மரச்சீனிச் செடி எத்தனை மூடு போயிற்று என்பதுதான். மணிக்கட்டு சுளுக்கியிருந்தது, தோளில் பெல்ட் அழுத்திய தடம். வேறொன்றும் இல்லை. முருகதாஸ் மட்டும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மேட்டின்மேல் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தான்.

செய்தி வடசேரி சந்தைக்கு எங்களுக்கு முன்பே போய்விட்டது. செல்லக்கனி அக்காவுக்கு அங்கே ஏத்தன் வாழைக்குலை மொத்த வியாபாரம். பெற்றோர் போன பிறகு முருகதாஸை வளர்த்து ஆளாக்கியவர். மறுநாள் காலை நெற்றியில் நாமத்தோடு, கையில் குடையோடு, பட்டறை வாசலில் வந்து நின்றார். சுபிதாவின் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் வந்தார்.

“ஏலே, கெட்டுன பொண்ணுக்கு மனுசன் நகை செய்து போடுவான். நீ பாடை செய்து குடுத்திருக்க.”

அக்கா போன பிறகு முருகதாஸ் வண்டியின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினான். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவும் இல்லை, யாரையும் பேசவிடவும் இல்லை. சுபிதா ஏதாவது ஆரம்பித்தால் எழுந்து போய் கிரைண்டரைப் போடுவான். அந்தச் சத்தத்தில் எந்தப் பேச்சும் எடுபடாது. கேட்டுகளை மட்டும் செய்தான். மயிலே வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் மயில் வைத்துக் கொடுத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிரைண்டர் சத்தம் வழக்கத்தைவிட நீளமாகக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தார்ப்பாய் கீழே கிடந்தது. முருகதாஸ் வண்டியின் முன்பக்கத்தில் குனிந்து குழாயை அறுத்துக்கொண்டிருந்தான். ஷாக்கை மாற்றி வைக்கப் போகிறான் என்று நினைத்து சுபிதா சந்தோஷமாகச் சாயாவோடு வந்தாள். பக்கத்தில் வந்த பிறகுதான் அவன் ஷாக்கைக் கழற்றவில்லை, கூட்டையே அறுக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. பழைய இரும்புக்குப் போடப் போகிறேன் என்றான்.

அவள் சத்தம் போடவில்லை. சாயாவைக் கீழே வைத்துவிட்டு கிரைண்டரின் சுவிட்சை அணைத்தாள்.

“அறுக்கணும்னா அறுங்க. நீங்க செய்த வண்டி, நீங்க அறுக்கலாம். ஆனா ஒரு தடவ எனக்க பக்கத்தில இருந்து பாத்திட்டு அறுங்க.”

“நான் எதுக்கு இருக்கணும்?”

“நீங்க மேட்டில நின்னு பாத்தது நான் கவுந்தத மட்டுந்தான். அதுக்கு முந்தி என்ன நடந்துதுன்னு ஒங்களுக்குத் தெரியாதுல்லா.”

அவன் அந்தச் சாயா ஆறும்வரை நின்றுகொண்டிருந்தான். பிறகு அறுத்த குழாயைத் திரும்பப் பற்றவைத்தான்.

அடுத்த ஞாயிறு லிபின் தடத்தைத் திறந்துவிட்டான். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு முருகதாஸ் இடப்பக்கம் உட்கார்ந்தான். தான் செய்த வண்டியில் அதுவரை அவன் உட்கார்ந்ததே இல்லை. சுபிதா முதல் சுற்றை நடை வேகத்தில் ஓட்டினாள். ஷாக்குக்கு மேலே உள்ள குழாயில் ஒரு கையை வைத்துக்கொள்ளச் சொன்னாள். டிரைவிங் ஸ்கூலில் பேசும் அதே குரலில், இப்போது பிரேக் மிதிக்கப் போகிறேன், இப்போது திருப்பப் போகிறேன் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொன்னாள். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் வேகம். இறக்கத்தின் அடியில் பிரேக்கை மிதித்தபோது மூக்கு இறங்கியது. டக் என்ற சத்தம் மேட்டில் நின்ற எங்களுக்கே கேட்டது. வண்டி வளைவைத் தாண்டி வரப்புக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

இரண்டு பேரும் இறங்கவில்லை. என்ன ஆயிற்றோ என்று நானும் லிபினும் கிட்டே போனோம். முருகதாஸ் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் வேர்த்துக் கிடந்தது.

“நான் ஒனக்க இடுப்பு நோவாண்டாம்னுதான் சாச்சு வச்சேன்” என்றான். “ஷார்ஜாவில வைப்பாவன்னு சொன்னது சும்மா. மெத்துன்னு இருந்தா ஒனக்கு அடி தட்டாதுன்னு நெனச்சேன்.”

சுபிதா சுளுக்கிய கையால் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்க இடுப்ப நான் பாத்துக்கிடுவேன். நீங்க சக்கரத்த தரையில வையுங்க, போதும்.”

அவன் இறங்கி மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனான். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது சட்டை முழுக்கச் செம்மண். ஷாக் முட்டிய இடத்தில் பெயின்ட் போய் இரும்பு பளபளத்ததைத் தொட்டுப் பார்த்ததாகச் சொன்னான். பிறகு லிபினிடம், அந்தத் தோட்டத்துக்காரரின் வீடு எங்கே என்று கேட்டு, போய் மரச்சீனிக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். அவர் வீட்டுக் கேட் துருப்பிடித்துக் கிடந்ததைப் பார்த்து, அதையும் சரிசெய்து தருவதாகச் சொல்லிவிட்டான்.

அதன் பிறகு பட்டறையில் கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே பேச்சும் கேட்க ஆரம்பித்தது. முருகதாஸ் ஷாக்கின் கீழ்முனையை ஆர்மில் வெளியே, சக்கரத்தின் பக்கம் கொண்டுபோனான். குழலை நிமிர்த்தியபோது மேல்முனைக்கு இடம் போதவில்லை. அதனால் கூட்டின் முன்பக்கத்தில் இரண்டு தூண்களை உயர்த்தினான். வண்டிக்கு ஆட்டுக்கிடாவின் கொம்பு முளைத்த மாதிரி ஆகிவிட்டது. சாலையில் போகிற பிள்ளைகள் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். அழகு பார்த்தே பழகியவனுக்கு அது வருத்தம்தான். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

லிபினின் தடத்தில் ஓட்டிப் பார்த்தபோது வேறு தொல்லைகள் வந்தன. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் ஷாக்கில் உரசியது. உரசாத இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே இழுத்தான். அப்போதும் விறைப்பு அதிகம். உலர்ந்த தடத்தில் முன்சக்கரங்கள் தவளை மாதிரித் துள்ளின. துள்ளுகிற சக்கரம் தரையைப் பிடிக்குமா? ஒவ்வொரு தடவையும் வெட்டி ஒட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு ஆர்மிலும் ஒரு கனத்த தகட்டைப் பற்றவைத்து அதில் வரிசையாகத் துளை போட்டான். போல்ட்டைக் கழற்றி அடுத்த துளையில் மாட்டினால் இடம் மாறிவிடும். சுபிதா ஒரு சுற்றுப் போய் வந்து சொல்லுவாள்; அவன் துளையை மாற்றுவான். அவளுக்கு இரும்பின் பாஷை தெரியாது. கை சொல்லுவதைச் சொல்லுவாள். இப்போது ஸ்டியரிங் பேசுகிறது, இப்போது ஊமையாகிவிட்டது, இப்போது சக்கரம் கோபித்துக்கொண்டு நிற்கிறது. அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு படுத்து அடியில் போவான். நடுத் துளைக்கு வந்தபோது அவள் இரண்டு சுற்றுக் கூடுதலாகப் போய்விட்டுத்தான் திரும்பினாள். டக் சத்தம் போயிருந்தது.

ஆனாலும் இடப்பக்க வளைவுகளில் வண்டி அவள் நினைத்ததைவிட ஒரு முழம் வெளியே போய்த்தான் திரும்பியது. வலப்பக்க மூலை அமுங்குகிறது, அந்தப் பக்கத்து ஷாக்கை மட்டும் ஒரு துளை வெளியே தள்ளுங்கள் என்றாள்.

முருகதாஸ் முடியாது என்றான். இத்தனை நாள் அவள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டவன் இதற்கு அசையவே இல்லை. ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி என்று ஒரு வேலையை அவன் கையால் செய்ததே கிடையாது. அது வண்டி இல்லை, கோணல் என்றான். இரண்டு நாள் அந்த வீட்டில் தேவைக்கு மேல் பேச்சில்லை. தைல வாசனை மட்டும் தவறாமல் வந்தது.

லிபின் ஒரு நாள் மீன் கொண்டு வந்தவன் நியாயம் சொல்லிப் பார்த்தான்.

“அண்ணே, காத்துக்கு வள்ளம் ஒரு பக்கம் சாயும்போ நாங்க ரெண்டு பக்கமும் சமமாவா இருப்போம்? எல்லாரும் மேல்பக்கம் ஏறி இருப்போம். இல்லேன்னா கடல்லதான் கெடக்கணும்.”

“வள்ளத்தில ஆளு நகரும். இது இரும்பு” என்றான் முருகதாஸ்.

ஆனால் மறுநாள் காலை அவன் என்னை அழைத்துக்கொண்டு பஸ் ஏறித் தடத்துக்குப் போனான். முந்தைய தினம் மழை பெய்திருந்தது. மழைக்குப் பிறகு சுபிதா தனியாகப் போய் ஓட்டிவிட்டு வந்த சுற்றுகளின் டயர்த் தடங்கள் ஈரமண்ணில் அப்படியே கிடந்தன. அவன் தடம் நெடுக நடந்தான். லிபினின் பள்ளத்தில் வளைவுகள் எல்லாமே இடப்பக்கம்தான். ஒரு மூலையில் தண்ணீர் தேங்கிக் குளமாகிவிட்ட இடத்தில், குளத்தடியில், மட்டும் ஒன்று வலப்பக்கம் திரும்பும். ஒவ்வொரு இடப்பக்க வளைவிலும் வலச்சக்கரம் விரல் முங்கும் ஆழத்துக்கு மண்ணை உழுதிருந்தது. இடச்சக்கரத்தின் தடம் ஈர்க்குச்சியால் கீறிய மாதிரி மெல்லிசாக இருந்தது. முருகதாஸ் குந்தி உட்கார்ந்து ஒரு தடத்தில் விரலை விட்டுப் பார்த்தான். எழுந்து போய் அடுத்ததில் விட்டுப் பார்த்தான். கடைசி வளைவுக்கு வந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“ஏலே, பாரம் எல்லாம் ஒருத்தன் தலையிலதான் ஏறுது” என்றான். “ரெண்டு பேருக்கும் ஒரே கூலி குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.”

அன்றே வலப்பக்கத்துப் போல்ட்டை ஒரு துளை வெளியே மாற்றினான். மாற்றிவிட்டுச் சாலைக்கு மறுபுறம் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். கசக்கிற காஞ்சிரங்காயைக் கடித்தவன் முகம் மாதிரி இருந்தது. மூடிய கண்ணைத் திறக்காமலேயே உள்ளே போய்விட்டான்.

லிபின் அடுத்த பந்தயத்தைக் கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் வைத்தான். எட்டு வண்டிகள். பெண் ஓட்டுகிற வண்டி இது ஒன்றுதான். காலையிலேயே செல்லக்கனி அக்கா வந்து இறங்கினார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. சந்தையில் சுவரொட்டியைப் பார்த்திருக்கிறார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று முருகதாஸ் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினான். அக்கா அவனைக் கண்டுகொள்ளாமல் மடியிலிருந்து திருமண்ணை எடுத்துக் குழைத்து, வண்டியின் முன்குழாயில் நாமம் இட்டார். பிறகு சுபிதாவின் நெற்றியிலும் இட்டார். ஹெல்மெட் போட்டால் அழிந்துவிடுமே என்று அவள் சிரித்தாள். உள்ளே இருந்தால் போதும் என்றார் அக்கா.

“மைனி, பயப்படாண்டாம். இப்ப வண்டி நான் சொன்னா கேக்கும்” என்றாள் சுபிதா.

“நீ சொன்னாக் கேக்கணும்லா. அவன் சொன்னத நீ கேட்டதுதான் அன்னைக்குத் தப்பு” என்றார் அக்கா, வண்டிக்குப் பின்னால் இருப்பவனுக்கும் கேட்கும்படி.

சுபிதா ஆறாவது இடத்திலிருந்து கிளம்பினாள். முதல் சுற்றில் யாரையும் முந்தவில்லை. இறக்கத்து வளைவில் மற்ற வண்டிகள் அகலமாகத் திரும்பி வெளியே போக, அவள் வண்டி உள்பக்கக் கோட்டை ஒட்டிக்கொண்டு திரும்பியது. பிரேக்கில் மூக்கு தாழ்ந்தது, ஆனால் விழவில்லை. தாழ்ந்த இடத்தில் நின்று மண்ணைக் கவ்வியது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் ஒருவரை முந்தினாள். அதற்கு அடுத்ததில் இன்னும் இரண்டு பேர். கொம்பு வண்டி என்று கூட்டத்தில் சத்தம் எழும்பியது. செல்லக்கனி அக்கா குடையை மடக்கி, அதன் முனையால் தரையில் குத்திக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் சுபிதா இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டாள். ஆனால் குளத்தடியில் உள்ள அந்த ஒற்றை வலப்பக்க வளைவில் வண்டிக்குத் தெம்பில்லை. அங்கே பாரம் இடச்சக்கரத்துக்குப் போகிறது. அந்தப் பக்கத்து ஷாக் இளகலாக இருக்கிறது. அவளுக்கு அது தெரியும். வீம்பு பிடிக்காமல் முன்னதாகவே வேகத்தைக் குறைத்தாள். கடைசிச் சுற்றில் அங்கேதான் ஒரு நெய்யாற்றின்கரைப் பையன் அவளைத் தாண்டினான். மூன்றாவதாக வந்தாள்.

முருகதாஸ் பந்தயம் முழுக்க இறக்கத்து வளைவின் வரப்பில் நின்றான். முடிந்ததும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். இந்தத் தடவை கால் ஓடியது. சுபிதா பெல்ட்டைக் கழற்றுவதற்குள் அவன் அவள் முன்னால் குனிந்திருந்தான்.

“டக்குன்னு சத்தம் கேட்டியா?”

“ஒரு தடவ கூட இல்ல.”

“எத்தனாவது வந்த?”

அவன் முன்சக்கரங்களை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். மூன்றாவது என்று அவள் சொன்னதும் அப்படியா என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றான். எல்லாருக்கும்தான் தூசி விழுந்திருந்தது, யாரும் மறுக்கவில்லை. லிபின் மூன்றாம் பரிசாக ஒரு பிரஷர் குக்கரைக் கொடுத்தான். இவ்வளவு பெரிய பந்தயத்துக்குக் குக்கரா என்று நான் கேட்டதற்கு, ஆண்களே ஜெயிப்பார்கள், வீட்டுக்கு எடுத்துப்போனால் திட்டு குறையும் என்று நினைத்து வாங்கியதாகச் சொன்னான்.

கூட்டம் கலைந்த பிறகு செல்லக்கனி அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்து, குடையை மடியில் வைத்து, தன்னை ஒரு வட்டம் கூட்டிப்போகச் சொன்னார். சுபிதா ஹெல்மெட்டை மாட்டி, பெல்ட்டை இறுக்கிவிட்டு, மெதுவாகத்தான் ஓட்டினாள். இறக்கத்தில் அக்கா ஏதோ கத்துவது கேட்டது. பிறகு தெரிந்தது, இன்னும் வேகமாகப் போகச் சொல்லியிருக்கிறார். குளத்தடியில் வண்டி திரும்பி மேட்டில் ஏறி வந்து நின்றது.

அக்கா இறங்கிச் சேலையை உதறினார். தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டார். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குளத்தடியில் திரும்பும்போது மட்டும் இந்த இடப்பக்க மூலை தாழ்ந்து போகிறதே, அது ஏன் என்று கேட்டார். முருகதாஸ் சுபிதாவைப் பார்த்தான். சுபிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு குக்கரைத் தூக்கி வைத்தாள். அவன் அக்காவுக்காகத் தரையில் குந்தி, தகட்டில் இருந்த துளைகளைக் காட்டி, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். செல்லக்கனி அக்கா முழங்காலில் கையூன்றிக் குனிந்து, குலைக்கு விலை பேசும்போது பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தார். இடப்பக்கத்துக்கு மட்டும் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கனமாகப் போட்டால் என்ன என்று கேட்டார்.

முருகதாஸ் துளையிலிருந்து விரலை எடுக்காமல் யோசித்துக்கொண்டிருந்தான். வாசலைப் பூட்ட வேண்டிய லிபின் சாவியோடு வந்து, மூன்று பேரும் ஒரு சக்கரத்தைச் சுற்றிக் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தானும் ஒரு கல்லை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.